உங்க வீட்டுல என்ன பாஷைங்க?

கணக்கு வாத்தியாரைக் கண்டால் பிள்ளைகள் மட்டும்தான் ஓடி ஒளிவார்கள். மொழியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளைக் கண்டால் ஊரே வாயை இறுக மூடிக்கொள்ளும்.

அறுபதுகளின் பிற்பாதியில் திருப்பூர்க் கல்லூரி ஒன்றில் அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன். வீட்டில் ஒரு மொழியும் பள்ளிக்கூடத்தில் வேறு மொழியும் பேசுகிற பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், அந்தக் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பது பாடம். கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது! உங்களில் யாராவது ஜனத்தொகைக் கணக்கு எடுக்கவோ அம்மை குத்தவோ வீடு வீடாகப் போயிருந்தால் என் பாடு உடனே புரிந்துவிடும். மற்றவர்கள் கீழே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது எங்கே?

பல்கலைக்கழகம் பாடத்துக்கு வைத்து அனுப்பிய பெயர் 'இருமொழியமும் கல்வியும்'. அதை அப்படியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம் அது. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தின் மேல் பூசிய தாரை யாரும் சுரண்டியிருக்கவில்லை. மும்மொழியா இருமொழியா என்று டீக்கடை டீக்கடையாக வாதம் நடந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாடத்தின் பெயர் பாடத்தின் பெயர்தானே என்று நினைத்துவிட்டேன்.

முதல் மணி அடித்து இடைவேளை விடுவதற்குள் பலகைக்கு முன்னால் கூட்டம். மாணவர் மன்றச் செயலாளர் நாலைந்து பேரோடு என் அறைக்கு வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, கொங்கு நாட்டு மரியாதை துளியும் குறையாமல் கேட்டான்: "இருமொழின்னு போட்டிருக்கீங்க, சரிங்க மேடம். மூணாவதை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

முதல்வரின் அனுமதி

முதல்வர் நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஆசை, ஓய்வு பெறும் வரை கல்லூரிக் கண்ணாடி ஒன்றுகூட உடையக்கூடாது என்பது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தப் பாடத்தில் மாணவர்களிடம் என்னென்ன கேட்பீர்கள் என்றார். வீட்டில் என்ன மொழி, தெருவில் என்ன மொழி, கனவு எந்த மொழியில் வருகிறது என்றெல்லாம் கேட்பேன் என்றேன். கனவு என்றதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேலிடத்திலிருந்து வந்த பாடத்தை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "நடத்துங்க. ஆனா யாரைப் பத்தியும் யாரும் ஒண்ணும் தெரிஞ்சுக்காத மாதிரி நடத்துங்க."

சொல்லுதேன்

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில் பாப்பம்மாள் என்பவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே அவர் குடும்பம். பின்கட்டில் நாலு தையல் மெஷின் போட்டுப் பனியன் தைத்தார்கள். சாம்பார் கொதித்தாலும் சரி, சாமி கும்பிட்டாலும் சரி, பஞ்சுத் தூசு பறந்துகொண்டே இருக்கும்.

நான் 'சொல்லுதேன்', 'வாரேன்', 'அங்ஙன' என்று பேசுவதை அந்தம்மாள் ஒரு வாரம் கூர்ந்து கேட்டார். பிறகு மாடிக்கு வந்து, "ஏனுங்க டீச்சரம்மா, நீங்க பேசறது மலையாளமுங்களா?" என்றார். தமிழ்தான் என்று சத்தியம் செய்தேன். நம்பினாரா என்பது தெரியாது. ஆனால் என் வேலை என்ன என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். மனிதர்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

மறுநாளிலிருந்து என் தலை தெரிந்தால் கீழே பேச்சு நின்றுவிடும். மெஷின் மட்டும் ஓடும். மூன்றாம் நாள் பாப்பம்மாள் என்னைப் படியிலேயே மறித்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்: "சாயங்காலம் பொழுதோட நானும் என்ற மாமியாளும் பேசற பேச்சு ஒரு மாதிரி இருக்குமுங்க. அந்நேரத்துக்கு மட்டும் நீங்க கதவச் சாத்திக்குங்க டீச்சரம்மா."

கை தூக்காத வகுப்பு

முதல் வகுப்பு. பெஞ்ச் நிறையப் பிள்ளைகள்; மன்றச் செயலாளரும் இருந்தான். "வீட்டில் தமிழ் அல்லாத வேறு மொழி பேசுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஒரு கை எழவில்லை. திருப்பூரைச் சுற்றி எத்தனை தெலுங்குக் குடும்பங்கள், எத்தனை கன்னட நெசவாளர்கள், பாலக்காட்டிலிருந்து வந்து தங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியும். இவர்களுக்குத் தெரியாதா? அவரவர் பக்கத்தில் இருப்பவர் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருவரும் அசையவில்லை.

அந்த வாரம் முழுக்க என் அறைக்கு ஆள் வந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். வந்ததும் முதலில் கதவுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். பல்லடம் பக்கத்துப் பையன் வீட்டில் தெலுங்கு. அவன் போன பிறகு வந்தவளும் தெலுங்கு. முன்பெஞ்சில் உட்காருகிற ரங்கநாயகி என்ற பெண் வீட்டில் கன்னடம். அவள் தமிழில் கல்லூரிக்கே முதல் ஆள். தமிழ்ப் பேராசிரியரான புலவரிடம் அந்த ஆண்டு பரிசு வாங்கப்போகிறவள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் அவள் பயம் மற்றவர்கள் பயத்தைவிடப் பெரியது. "வந்தேறி" என்ற வார்த்தை அந்த ஆண்டு சுவரொட்டிகளில் அடிக்கடி வந்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று அவளுக்குத் தூக்கமே இல்லை.

யாரைப் பற்றியும் யாரிடமும் சொல்வதில்லை என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன். வராந்தாவில் ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டால், நூலகத்துக்குப் போவதாகப் பொய் சொல்லிக்கொள்வார்கள். கடைசியாக வந்த பையன், ஏற்கெனவே வந்து போனவர்களில் மூன்று பேர் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருக்கும்போதே, கண் கலங்கச் சொன்னான்: "நம்ம கிளாஸ்லயே நான் ஒருத்தன்தானுங்க மேடம் இப்படி. சொல்லிப்போடாதீங்க."

காதர்பேட்டையில்

கடைவீதியில் என்னென்ன மொழி புழங்குகிறது என்று பார்க்க மாணவர்களைக் காதர்பேட்டைக்கு அழைத்துப் போனேன். பம்பாய், கல்கத்தா வியாபாரிகள் வந்து பனியன் எடுக்கிற இடம். வரிசையாக எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான்: கடையில் என்ன மொழி, வீட்டில் என்ன மொழி. கவுண்டர் ஒருவர் கடையில் கேட்டோம். தமிழ் என்றார்; மோர் கொடுத்தார். அடுத்த கடை ஒரு ராவுத்தருடையது. நடுவயது, வெள்ளைத் தொப்பி. முன்னால் பனியன் கட்டுகளைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கடையில் இந்தியும் வரும், வீட்டில் தமிழ் என்றார்.

என் மாணவன் ஒருவன், கேட்கச் சொல்லாமலே, "உருது இல்லீங்களா?" என்றான். அவர் பனியன் கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் தமிழுதானுங்க. பாட்டு, சண்டை, சாவுக்கு அழுகறது எல்லாமே தமிழு" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் கடையிலிருந்த மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் குறுக்கே போய், எல்லாக் கடையிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம், பக்கத்துக் கடையிலும் கேட்டோம் என்று சமாதானம் சொன்னேன்.

அவர் மறுபடி கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "கேட்டிருப்பீங்க. ஆனா அவரு சொன்ன பதில நம்பியிருப்பீங்க."

கடைசி பெஞ்சில் ஒருவர்

இரண்டாம் மாதம் வகுப்பில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். வயது முப்பதுக்கு மேல். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். வேட்டி சட்டை சரி. காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ். பிள்ளைகள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் கவனிக்காததுபோல் பாடத்தை நடத்தினேன். இரண்டு மொழி பேசுகிற குழந்தைக்கு மூளை குழம்பிவிடும் என்பது தவறு என்று அன்று பாடம். அவர் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் நேரே என்னிடம் வந்தார். ஒளிக்கவில்லை. பக்கத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிள், பெயர் கருப்புசாமி. பாஷையைப் பற்றிக் கூட்டம் நடக்கிறது என்று தகவல் வந்ததால் அனுப்பியிருக்கிறார்கள். "கேட்டதில் ஏதாவது ஆபத்து இருந்ததா?" என்றேன். சங்கடமாக நெளிந்தார். "ஒண்ணும் இல்லீங்கம்மா. அதுதானுங்க கஷ்டம். ஒண்ணும் இல்லேன்னு எழுதினா, நான் கிளாசுக்கே போகலேன்னு இன்ஸ்பெக்டர் நெனச்சுக்குவாரு."

சவுண்டம்மா

வேலம்பாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வாரம் ஒரு முறை மாணவர்களோடு போவோம். பிள்ளைகள் பேசுவதைக் கவனிப்பதுதான் வேலை. இரண்டாம் வகுப்பு ஆசிரியர் பெரியசாமி, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் காட்டினார். எண்ணெய் வைத்து வழித்த தலை, பெரிய கண்கள். சௌடேஸ்வரி அம்மன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஊர் வாயில் அது சவுண்டம்மா. கொஞ்ச நாளாகவே அவள் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் பதில் இல்லை, அடித்தாலும் அழுகை இல்லை. முன்பு எப்படி இருந்தாள் என்று கேட்டேன். அவர் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். மந்தம் என்று முடிவு கட்டி, ஒன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பப்போகிறாராம்.

தாய் குழாயடியில் கன்னடம் பேசுகிறாள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் விளக்கெரிந்த மாதிரி இருந்தது. நான் நடத்துகிற பாடம் அப்படியே எழுந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கிறது! வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு; அதுதான் பிள்ளை ஊமையாகிவிட்டாள் என்று பெரியசாமிக்கு விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருக்குமுங்க. பேரு சவுண்டம்மா, சவுண்டு மட்டும் கெடையாது. அதுக்கும் உங்க புஸ்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

ரங்கநாயகி

அந்தப் பிள்ளையோடு கன்னடத்தில் பேச ஓர் ஆள் வேண்டும். என் மாணவர்களில் யாருக்குக் கன்னடம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். "யாருக்காவது கன்னடம் தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரங்கநாயகியும் தரையைப் பார்த்தாள். நான் அவள் பக்கமே திரும்பவில்லை.

அடுத்த வாரம் போனபோது பெரியசாமி அந்தச் சிறுமியின் பலகையையும் பையையும் எடுத்து வெளியே வைத்திருந்தார். ஒன்றாம் வகுப்பு எதிரில்தான். சின்னப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மந்தம் வருது, மந்தம் வருது" என்று பாட ஆரம்பித்தார்கள். சவுண்டம்மா பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கூட்டத்திலிருந்து ரங்கநாயகி வெளியே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மன்றச் செயலாளர் நின்றான், பல்லடத்துப் பையன் நின்றான், மொத்த வகுப்பும் நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் அந்தச் சிறுமியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "நின்ன எசரேனு?" என்று பெயரைக் கேட்டாள். பிறகு கன்னடத்திலேயே இன்னும் என்னென்னவோ கேட்டாள். பயப்படாதே என்றாள் போலிருக்கிறது. வகுப்பில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது.

சிறுமி அவளையே பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். ரங்கநாயகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த என் காதுக்கும் அவள் காதுக்கும் மட்டும் எட்டும்படி சொன்னாள்: "எனக்குத் தமிழு நல்லாத் தெரியுமுங்கக்கா. பேசுனா எங்கப்பனப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு அம்மா பேசக்கூடாதுன்னுட்டுது."

பிசிறு வெட்டிய வீடு

அப்போது பனியன் கம்பெனிகளில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு முதலாளியின் காரில் கல் விழுந்துவிட்டது. போலீஸ் தேடிய ஆட்களில் சவுண்டம்மாவின் அப்பாவும் ஒருவர். அவர் கல்லே எடுக்கவில்லை என்று தெருவில் சொன்னார்கள். எடுத்தாரோ இல்லையோ, ஆள் ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது நைசாகக் கேட்டுப் பிள்ளை உளறிவிடுமோ என்று தாய் அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். என் பாடப் புத்தகம் முழுவதையும் புரட்டிப் பாருங்கள். இப்படி ஒரு காரணம் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

பெரியசாமியிடம், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்று கெஞ்சிப் பையை உள்ளே வைக்கச் செய்தேன். காரணம் கேட்காதே என்றதிலிருந்து அவர் என்னையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ரங்கநாயகியும் நானும் அந்தத் தாயைப் பார்க்கப் போனோம். ஓட்டு வீடு. தாய் வாசற்படியில் உட்கார்ந்து, எங்கிருந்தோ வாங்கி வந்த பனியன்களில் தொங்குகிற நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி வேகமாக ஓடிற்று. நாங்கள் யார் என்று சொன்னோம். பிள்ளையை வகுப்பிலாவது பேச விடுங்கள், படிப்பு கெட்டுவிடும், வேறு எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்றோம். கத்தரி நிற்கவில்லை.

ரங்கநாயகி கன்னடத்துக்கு மாறினாள். நம் ஆள் என்று தெரிந்தால் நெஞ்சு இளகும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். கத்தரி அப்போதுதான் நின்றது. அந்தப் பெண் எழுந்து, பனியன்களை மடியில் அள்ளிக்கொண்டு, பாதி உள்ளே போனபடி தமிழிலேயே பதில் சொன்னாள்: "போலீஸ்ல நம்ம பாஷை பேசறவங்களத்தானுங்க மொதல்ல அனுப்புவாங்க."

நம்பிக்கை

இரண்டு நாள் கழித்துக் கான்ஸ்டபிள் கருப்புசாமி கல்லூரி வாசலில் நின்றார். இந்த முறை காக்கிச் சட்டை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தார். வேலம்பாளையத்தில் ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு நான் போனதாகக் கேள்விப்பட்டாராம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஏதாவது பேசிற்றா, அப்பா எங்கே என்று ஏதாவது சொல்லிற்றா என்று கேட்டார். உண்மையில் அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியும், எதற்காக வாயை மூடியிருக்கிறாள் என்பதும் தெரியும். அதை இவரிடம் சொன்னால், மறுநாளே ஒரு பொரிகடலைப் பொட்டலத்தோடு யாராவது அவளிடம் போய் உட்காருவார்கள்.

"அந்தப் பிள்ளைக்குப் பேச்சே கிடையாது. மந்தம். வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள்" என்றேன். எந்த வார்த்தையை அழிப்பதற்காகப் பல்கலைக்கழகம் எனக்கு ஒரு பாடமே கொடுத்திருந்ததோ, அந்த வார்த்தை என் வாயிலிருந்து தடங்கல் இல்லாமல் வந்தது. நான் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்று என் அம்மா சொல்வாள்; முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன், வெயில் என்று.

கருப்புசாமி என் முந்தானையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "சரிங்கம்மா, நம்பறேன். நம்பறதுக்கு எனக்குச் சம்பளம் கெடையாதுங்க. இருந்தாலும் நம்பறேன்."

புலவர் அறை

ரங்கநாயகி கன்னடம் பேசிய செய்தி, அவள் பேசிய அன்று சாயங்காலமே கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. அவளோடு சாப்பிடுகிற பெண்களில் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பல்லடத்துப் பையன் அவளிடம் போய், எங்கள் வீட்டில் தெலுங்கு என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட இன்னொருத்தி எங்கள் வீட்டிலும்தான் என்றிருக்கிறாள். மரத்தடியில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்து மன்றச் செயலாளர் ஏதோ சதி என்று இரண்டு நாள் பின்னாலேயே அலைந்தான்.

தமிழ்ப் பரிசு என்ன ஆகுமோ என்ற கவலை எனக்கு. புலவர் கோபக்காரர். மேடையில் தமிழ் என்று சொல்லும்போது மேசையைக் குத்துவார். மேசை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளரை யாராவது முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். என் பாடத்தை அவர் 'வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கற பாடம்' என்றுதான் குறிப்பிடுவார். அவரிடம் நானே போனேன். அந்தப் பெண் செய்தது ஒரு குழந்தைக்காக, அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் புள்ள வீட்டுல கன்னடம்னு மொத வருசமே எனக்குத் தெரியும். ழகரத்த அவ்வளவு சுத்தமாச் சொல்ற புள்ள எங்கூர்ல வேற எவ இருக்கா? தமிழு வீட்டுலயே கெடக்கறவனுக்கு அந்தக் கவலை ஏது?" என்றார். பரிசுப் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருந்ததாம். மாற்றச் சொல்லி வந்த இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டாராம். எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது. வாயைத் திறந்தேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

"நீங்க வந்து கண்டுபுடிச்சீங்க அம்மிணி. நான் தெரிஞ்சும் கண்டுபுடிக்காம இருந்தேன். ரெண்டுல எது வாத்தியார் வேலைன்னு போய் யோசிச்சுப் பாருங்க."

பேச்சு வந்த பிறகு

வேலைநிறுத்தம் ஒரு வழியாகப் பேசித் தீர்ந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டபோது வழக்குகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சவுண்டம்மாவின் அப்பா சேவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தவர், தாடியும் அழுக்கு வேட்டியுமாகத் திரும்பி வந்தார். மறுநாள் அவரே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் நாங்கள் போனபோது, தெருமுனையிலேயே குரல் கேட்டது. இரண்டாம் வகுப்புக்குள் ஒரே ஒரு ஆள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா வந்தது, தோட்டத்தில் மயில் வந்தது, அம்மா அழுதது, அப்பா தாடி குத்தியது என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் புகுந்து மறுபடி தமிழுக்கு வந்தாள். ரங்கநாயகி ஜன்னலருகே நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தாயை நான் வெளியே பார்த்தேன். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தாள். அவள் அப்போதும் என்னை முழுசாக நம்பவில்லை என்று தெரிந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பெரியசாமி வெளியே வந்தார். ஒரு காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். "காலைல மணி அடிச்சதுல இருந்து இப்படித்தானுங்க. தொறந்து உட்டுட்டுப் போயிட்டீங்க. மூடறதுக்கு ஒரு பாடம் இருந்தா அதையும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

இருமொழிக் கல்வியில் எனக்குப் பெரிய பட்டமே இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கும்போது அவர் எந்த மொழியில் பேசாமல் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.